கலிலேயாவில் ஒரு கல்லறை யாத்திரை

ஜெருசலேமிலிருந்து வடக்கே கலிலேயாவுக்கு யூத ஞானிகளின் கல்லறைகளை மட்டும் சுற்றிக்காட்ட பஸ் விடுகிறார்கள். விடியும் முன்பே கிளம்பினோம். பக்கத்து சீட்டில் மொராக்கோவிலிருந்து சிறுவயதில் வந்து குடியேறிய ஒரு பாட்டி. மடியில் ஒரு பை நிறைய மெழுகுவர்த்தி.

முதலில் திபேரியா. இங்கேதான் ராம்பாம் என்று எல்லோரும் அழைக்கும் இடைக்கால யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடிஸ் கல்லறை. 1204-ல் எகிப்தில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்ததாக மரபு. மேலே உயரமாகச் சிவப்பு இரும்புச் சட்டம்; போகும் வழியில் அவருடைய யூத மதச் சட்டத் தொகுப்பான ‘மிஷ்னே தோரா’வின் 14 பகுதிகளுக்காக 14 தூண்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தடுப்பு. வெள்ளையடித்த கல்லில் நெற்றியை வைத்து ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், அதே நூலில்தான் அவர் எழுதி வைத்திருக்கிறார்: நல்லோருக்கு நினைவுச்சின்னம் வேண்டாம், அவர்கள் சொன்ன சொற்களே போதும், கல்லறைகளுக்குப் போவதை வழக்கமாக்கிக்கொள்ளவும் வேண்டாம். எழுதியவர் தலைமாட்டிலேயே இத்தனை கூட்டம்! வழிகாட்டியிடம் கேட்டேன். “நாங்கள் அவரிடம் வேண்டவில்லை, அவர் புண்ணியத்தை முன்னிட்டுக் கடவுளிடம் வேண்டுகிறோம்” என்றார். மதச் சட்டப்படி சரியான பதில்தான். ஆனால் அந்தக் கல்லைக் கட்டிப்பிடித்து அழுதவர்கள் இந்த நுணுக்கமெல்லாம் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதே ஊரில் ரப்பி (யூத மதகுரு) மேயிர் கல்லறை. பொருளைத் தொலைத்தவர்கள் அவர் பேரில் தர்மம் போட்டு வேண்டிக்கொள்வார்களாம். உண்டியலுக்குக் குறைவில்லை.

அப்புறம் மேரோன். ‘ஸோஹர்’ என்ற யூத மறைஞான நூலை அருளியவராக மரபு சொல்லும் ரப்பி ஷிமோன் பார் யோஹாய் இங்கே இருக்கிறார். லாக் பாஓமர் என்ற வசந்தகாலத் திருநாளில் லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். தீ மூட்டி ஆடுகிறார்கள். மூன்று வயது ஆண் குழந்தைக்கு முதல் முடி வெட்டுவதும் இங்கேதான். நம் குலதெய்வக் கோயில் மொட்டை மாதிரி, காதோர முடியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். வேண்டுதல் பலித்தால் ‘ஹாய் ரோட்டல்’ என்று ஏறக்குறைய 54 லிட்டர் பானம் வாங்கி, அங்கே வருகிறவர்களுக்குக் கொடுப்பார்களாம். எனக்கும் ஒரு காகிதக் கோப்பையில் ஆரஞ்சு ஜூஸ் கிடைத்தது. யார் வேண்டுதலோ! 2021 திருவிழா இரவில் உலோகத் தரை போட்ட ஒரு குறுகிய சரிவுப் பாதையில் நெரிசல் ஏற்பட்டு 45 பேர் இறந்தது இந்த வளாகத்தில்தான். அந்தப் பக்கம் போனபோது எங்கள் பஸ்ஸில் வந்தவர்கள் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

ஸஃபேத் மயானத்தில் இறங்கும்போது ஒரு சின்னத் தகராறு. எங்களோடு வந்த ஒருவர் கோஹேன், அதாவது பழைய ஆசாரியர் வம்சம். அவர்கள் பிணத்தீட்டுக்கு அஞ்சி மயானத்துக்குள் வருவதில்லை. “ஞானிகளின் கல்லறைக்குத் தீட்டு கிடையாது” என்று இன்னொருவர் வாதாட, அவர் அசையவே இல்லை. பஸ்ஸிலேயே உட்கார்ந்து வேதத்தின் சங்கீதப் பாடல்களைப் படித்தார். உள்ளே கல்லறைகளுக்கு வானநீலத்தில் வர்ணம் அடித்திருக்கிறார்கள். 1572-ல் 38 வயதில் இறந்த அரி என்கிற மறைஞானி ஐசக் லூரியா, பக்கத்திலேயே ‘ஷுல்ஹான் ஆரூக்’ என்ற மதச் சட்ட நூலை எழுதிய யோசேப் காரோ. அரி கைப்பட எழுதியது மிகக் குறைவு, அவர் போதித்ததெல்லாம் சீடர் ஹாயிம் விட்டால் எழுதி வைத்தது. படிகளில் இறங்கி ஏற முழங்கால் ஒத்துழைக்க வேண்டும், தண்ணீர் பாட்டில் அவசியம்.

கடைசியாக அமூக்கா. காட்டுக்குள் பழங்கால ஞானி யோனத்தான் பென் உசியேல் கல்லறை. கல்யாணம் கூடிவராதவர்கள் ஏழு சுற்று சுற்றுகிறார்கள். இருபது வயதுப் பெண்கள் புத்தகம் பிடித்தபடி வேகவேகமாக நடக்கிறார்கள், நடுவே செல்ஃபியும் உண்டு. எங்கள் பாட்டி மீதி மெழுகுவர்த்தியெல்லாம் இங்கே ஏற்றிவிட்டு, மகன் பேர் எழுதிய சீட்டைச் செருகினார். நாற்பதைத் தாண்டிவிட்டானாம். “நீங்கள் இங்கே வந்தது அவருக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரிந்தால் என்னைக் கொன்றே போடுவான்” என்று சிரித்தார். அடுத்து, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.