என்.ஓ.சி.யில் ஒரே ஒரு வரி: சீருடையோடு முடித்த முனைவர் பட்டம்

2017 ஜூலையில், ராணுவ அதிகாரியாக இருந்துகொண்டே, முனைவர் பட்டத்துக்குப் பகுதி நேர ஆய்வாளராகப் பதிவு செய்தேன். பட்டச் சான்றிதழ் கைக்கு வந்தது 2024 இல். "நேரம் எப்படி சார் கிடைச்சுது?" என்றுதான் இளைய அதிகாரிகள் எல்லாரும் கேட்கிறார்கள். நேரம் கிடைத்துவிடும். இரவு ஒன்பதரைக்கு மேல் பெரும்பாலும் யாரும் தேடி வரமாட்டார்கள். என்னை ஏழு வருடம் அலைய வைத்தது ஆய்வு அல்ல, தாள்கள். அதனால் தாள்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

தகுதியில் சிக்கல் இல்லை. வெலிங்டனில் உள்ள ராணுவ அதிகாரிகளுக்கான ஸ்டாஃப் காலேஜில் படிப்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் எம்.எஸ்சி. பட்டம் தருகிறது, அது போதும். முனைவர் பட்டத்துக்கு நான் சேர்ந்தது வேறொரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். நுழைவுத் தேர்வு, நேர்காணல் எல்லாம் ஒரே நாளில் முடிந்தன.

முதல் அடி என்.ஓ.சி.யில், அதாவது பணியிடம் தர வேண்டிய ஆட்சேபணையின்மைச் சான்றில், விழுந்தது. அப்போது செகந்திராபாத்தில் இருந்தேன். இரண்டு நாள் கேஷுவல் லீவ் போட்டு, இரவு ரயிலில் வந்து, காலை பத்து மணிக்குப் பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவு கவுன்டரில் நின்றேன். அங்கிருந்தவர் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டார். 'பணியின் தேவைக்கு உட்பட்டு ஆட்சேபணை இல்லை' என்ற வரி. "உட்பட்டுன்னா நாளைக்கே வேணாம்னு சொல்லிடுவாங்கதானே சார்? இது செல்லாது" என்றார். ராணுவத்திலிருந்து வரும் எந்த அனுமதிக் கடிதத்திலும் அந்த வரி இருக்கும், அதை எடுக்க என் சி.ஓ.வுக்கே (யூனிட்டின் தலைமை அதிகாரிக்கே) அதிகாரம் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அன்று இரவே திரும்பினேன்.

வழி கண்டுபிடித்தவர் எங்கள் யூனிட்டின் ஹவில்தார் கிளார்க், திருநெல்வேலிக்காரர். "அந்த லெட்டரைத் தொட வேண்டாம் சார். கூட இன்னொண்ணு வச்சிருவோம்" என்றார். அந்த இரண்டாவது கடிதத்தில் சி.ஓ. கையெழுத்தில் மூன்றே வாக்கியங்கள்: இவர் பகுதி நேரமாகப் படிக்க அனுமதி உண்டு, இவருடைய பணி ஆய்வுக்கு நேரம் தரும், பாடவேலைக்கு (கோர்ஸ் வொர்க்) தேவைப்பட்டால் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். அடுத்த முறை பத்து நிமிடத்தில் முத்திரை விழுந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைகள் இந்த மூன்று விஷயங்களையும் என்.ஓ.சி.யில் வெளிப்படையாகவே கேட்கின்றன. புதிதாகச் சேருகிறவர்கள் விதியைப் படித்து, வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குங்கள். அலுவலகம் தன் வழக்கமான வாசகத்தில் எழுதித் தரும் என்று விட்டால் ஒரு பயணம் வீண்.

பாடவேலையை ஆண்டு விடுப்பில் முடித்தேன்.

என் தலைப்பு மாடுகள். நான் ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது சரக்கும் போக்குவரத்தும் பார்க்கிறவன். 1791 மே மாதத்தில், திப்பு சுல்தானோடு நடந்த போரில், ஆங்கிலேயப் படையை நடத்திய கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டினத்தின் வாசல் வரை போனார். பொதி மாடுகள் தீனியின்றிச் செத்துக்கொண்டிருந்தன. இழுக்க மாடில்லாததால் முற்றுகைப் பீரங்கிகளை உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். ஒரு படையின் தோல்வி மாட்டுக் கொட்டிலில் தீர்மானமாவதை எங்கள் கோரில் இருக்கும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரு மதியம், மாடுகளின் கணக்கு எழுதிய பக்கம் ஒன்று கிடைத்தது. பழுப்பேறி, ஓரம் தொட்டால் உதிரும் தாள். இருந்தவை, செத்தவை, ஓடிப்போனவை என்று பத்தி பத்தியாக எண்கள். எழுதியவர் எட்டாம் எண்ணின் வாலை அடுத்த பத்தி வரை இழுத்து வைத்திருந்தார். காலையில் என் மேசைக்கு வரும் வண்டிக் கணக்கும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான். அன்று மாலை காப்பகம் மூடும் வரை அந்த ஒரு பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2019 இல் லடாக்கின் லேவுக்குப் போஸ்டிங். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக் குழு முன்னால் நிற்க வேண்டும். லேயில் விமானங்கள் காலையில்தான் கிளம்பும். பனி மூடினால் அன்றைய விமானம் அவ்வளவுதான், மறுநாளும் நிச்சயமில்லை. அப்படி ஒரு கூட்டத்தைத் தவறவிட்டேன். பதிவேட்டில் 'வரவில்லை' என்று மட்டும் எழுதிவிட்டார்கள். அதைத் திருத்த இரண்டு மாதம், நான்கு கடிதங்கள். அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பி, நெறியாளரிடமிருந்து 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு வரி பதில் வாங்கிவிடுவேன். இன்னொன்று: லேயிலிருந்து நீண்ட விடுப்பில் போய்த் திரும்பினால் உயரத்துக்கு உடலை மறுபடி பழக்கச் சில நாள் ஒதுக்க வேண்டும். விடுப்புக் கணக்கில் அதையும் சேர்த்துப் போடுங்கள்.

2020 கோடையில் லடாக்கில் சீனப் படையோடு என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த வருடக் குளிர்காலச் சரக்குச் சேமிப்பு எங்கள் தோளில். ஆறு மாதம் ஆய்வேட்டைத் திறக்கவே இல்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

கட்டுரை வெளியிடுவதில் இரண்டு முறை அடிபட்டேன். முதல் கட்டுரையை அனுப்பியிருந்த இதழ் 2018 மே மாதம் யு.ஜி.சி. அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட 4,305 இதழ்களில் ஒன்றாகிவிட்டது. சரி, வேறு இதழ் பார்த்தோம். இரண்டாவது அடிதான் வலித்தது. ராணுவ விதிகள் 1954 இன் 21 ஆம் விதிப்படி, பணி சார்ந்த எதையும் முன் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது. விதி நியாயமானது, எனக்கு அதோடு சண்டை இல்லை. ஆனால் இருநூறு வருடத்துக்கு முந்தைய மாடுகளைப் பற்றிய கோப்பு ஓர் அலுவலகத்தில் ஐந்து மாதம் கிடந்து, 'ஆதாரங்கள் பொதுவில் உள்ளவையா என்று குறிப்பிடவில்லை' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தபோது மனசு விட்டுப்போனது. அந்தக் கேள்வியை முதல் வாரமே கேட்டிருக்கலாம். ஆய்வேடு பின்னால், ஆய்வேடுகளைப் பொதுவில் வைக்கும் ஷோத்கங்கா இணையத் தளத்தில் ஏறும், அதுவும் வெளியீடுதான். அதனால் முழு ஆய்வேட்டுக்கும் அனுமதி வாங்கினேன். இந்த முறை முதல் பக்கத்திலேயே 'அனைத்தும் பொது ஆவணக் காப்பகத்தில் எவரும் பார்க்கக்கூடியவை' என்று எழுதி, ஆவண எண்களின் பட்டியலையும் இணைத்தேன். ஆறு வாரத்தில் வந்துவிட்டது.

கடைசித் தடை என் பெயர். நம் ஊர்ச் சான்றிதழ்களில் என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, அப்பாவின் இனிஷியல். ராணுவப் பதிவில் அந்த எழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயராக நிற்கிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய ஆறு வருடக் கெடு முடிய பதினொரு நாள் இருக்கும்போது, பல்கலைக்கழகத்தில் "என்.ஓ.சி.யில இருக்கிறதும் மார்க் ஷீட்ல இருக்கிறதும் ஒரே ஆளா?" என்று கேட்டார்கள். முத்திரைத் தாள், நோட்டரி, இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் என்று ஒரு நாள் முழுக்க ஓடினேன். என் மனைவிதான் இன்னொரு ஆட்டோவில் போய் அச்சுப் பிரதிகளைத் தைத்து வாங்கி வந்தாள். தமிழ்ப் பெயர் உள்ள எல்லா அதிகாரிகளும் ஆய்வுக்குப் பதிவு செய்யும் அன்றே இந்தப் பத்திரத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.

வாய்மொழித் தேர்வு நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

பட்டம் பணிப் பதிவில் ஏற பார்ட் டூ ஆர்டர் என்ற ராணுவ உத்தரவு வெளியாக வேண்டும். போன வாரம் மாலை ஒரு போன். அதே ஹவில்தார் கிளார்க், இப்போது நாயப் சுபேதார், வேறு யூனிட். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். "சார், ஆர்டர் வந்துடுச்சாமே. அந்த ரெண்டாவது லெட்டரோட நகல் என்கிட்ட இன்னும் இருக்கு சார், அனுப்பட்டுமா?" என்றார். அனுப்பச் சொன்னேன்.