ஈரமணலில் ஃபாஜின்: குத்தியதும் குதிகால் தடத்தைப் பாருங்கள்

பாம்பன் கரையில் வீச்சுவலை வீசுகிறவரைக் கவனித்திருந்தால் ஃபாஜின், அதாவது உடல் முழுவதின் விசையையும் ஒரே நொடியில் அடியாக வெடிக்கவிடும் சீனத் தற்காப்புக்கலை உத்தி, பாதி விளங்கிவிடும். இடுப்பு திரும்பிச் சட்டென நிற்கும். கை வலையை விட்டுவிடும். கையை இறுக்கி எறிந்தால் வலை விரியாது, குவியலாக விழும்.

தாய்ச்சி, ஷிங்யி, பாகுவா ஆகிய சீனத் தற்காப்புக்கலைகள் மூன்றிலும் அடிக்கு வேர் பாதம்தான். கால் தள்ளும், இடுப்பு திசை கொடுக்கும், கை கொண்டுபோய்ச் சேர்க்கும். சீனாவின் ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பத் தாய்ச்சியில் இந்த வெடிப்பு வெளிப்படையாகத் தெரியும். ஆனால் தொடங்குகிறவர்களுக்கு ஷிங்யியின் பெங் குத்தையே சொல்வேன். ஷிங்யி ஆசான் குவோ யுன்ஷென் அரையடி வைத்துக் குத்தியே பேர்வாங்கிய குத்து அது. நேர்கோடுதான் என்பதால் பிழை ஒளிய இடமில்லை.

முதலில் ஷிங்யியின் அடிப்படை நிற்கும் நிலையான சான்டி: எடையில் 60 முதல் 70 விழுக்காடு பின்காலில், முன்முழங்கால் விரல்நுனியைத் தாண்டாமல். பக்கத்துக்கு 5 நிமிடம் போதும். தோள் மேலே ஏறினால் மூச்சை விட்டு இறக்குங்கள்.

குத்தும்போது முன்கால் அரையடி போகும், பின்கால் தொடரும். முழங்கை விலாவை உரசியபடி, கட்டைவிரல் பக்கம் மேலே இருக்க, கைமுட்டி மார்க்குழியின் உயரத்துக்குப் போகும். மற்றக் கை இடுப்புக்குத் திரும்பும். கடைசி நொடிவரை கைமுட்டியை இறுக மூடாதீர்கள். கையை நீட்டுவது மேற்கையின் பின்பக்கத் தசை. மேற்கையின் முன்பக்கத் தசையும் கூடவே இறுகினால் அதற்குப் பிரேக் போட்டதுபோல. "தளர்த்து, தளர்த்து" என்று ஆசான்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

இனி மணல். தனுஷ்கோடிப் பொதிமணல் வேண்டாம். கணுக்கால் பிசகும், தள்ளும் விசையும் மணலிலேயே போய்விடும். அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணல்தான் சரி. வாடைக்காற்று பிடித்தால் தீவின் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் போங்கள்.

பத்துக் குத்துக்கு ஒருமுறை பின்கால் தடத்தைப் பாருங்கள். விரல்நுனி ஆழமாகக் குத்தி, அதன் பின்னால் மணல் மேடாகக் குவிந்திருந்தால் ஓடுகிறவர்போலத் தள்ளியிருக்கிறீர்கள். எடை முன்னே விழுந்துவிட்டது, எதிரி விலகினால் நீங்களும் விழுவீர்கள். குதிகால் பக்கவாட்டில் வழித்த பிறை தெரிந்தால் விசை இடுப்புக்கு ஏறுமுன்பே கசிந்துவிட்டது. பெரும்பாலும் தொடை இடுக்கு மடங்காமல் விறைத்திருப்பதே காரணம். நாற்காலியில் உட்காரப்போகிறவர்போல அதை மடக்கினால் பிறை மறையும். பாதம் முழுக்கச் சமமாகப் பதிந்த தடம்தான் வேண்டும்.

வெற்றுக்காற்றில் முழுவேகக் குத்து முதல் இரண்டு மாதம் நாளுக்கு 20க்கு மேல் வேண்டாம். வாங்கிக்கொள்ள எதிரில் ஒன்றுமில்லாததால் விசையெல்லாம் முழங்கை மூட்டில் போய் நிற்கும். கையை முழுக்க நீட்டாமல் சற்று மடங்கியே நிறுத்துங்கள். வலித்தால் ஒரு வாரம் நிலை மட்டும்.

குத்துப்பை வேண்டுமென்றால் கெட்டித்துணியில் பச்சைப்பயறு அடையுங்கள், சீனத்திலும் அதுதான் வழக்கம். கடல்மணலை அடைத்தால் உப்பு ஈரத்தை இழுத்துக் கட்டியாகும், கைமுட்டி தேயும்.

அடி வெடிக்கிறதா, வெறுமனே தள்ளுகிறதா என்று பார்க்க ஈரத்துண்டைக் கொடியில் தொங்கவிட்டுக் குத்துங்கள். ஊஞ்சல்போல ஆடினால் தள்ளுகிறீர்கள். 'சட்' என்று ஓசை எழுந்து, துண்டு அதிகம் நகராமல் நீர் தெறித்தால் அதுதான் ஃபாஜின்.