தங்கத்தை மோதவிட்டு நட்சத்திரத்தை அளப்பது

இரண்டு நாளாக மண்டையில் ஓடுவது இதுதான். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் உள்ள ஜி.எஸ்.ஐ. ஆய்வகத்தில் தங்க அணுக்கருக்களை முடுக்கி, தங்கத் தகட்டின் மேல் மோதவிடுகிறார்கள். அணுக்கருப் பொருள் தன் இயல்பான அடர்த்தியைப் போல இரண்டு, மூன்று மடங்கு நசுங்குகிறது. எவ்வளவு நேரம்? ஒரு நொடியைக் கோடி கோடி கோடியாக நறுக்கினால் வரும் துணுக்கைவிடக் குறைவு. அதற்குள் எந்தக் கருவியை உள்ளே விடுவது!

அதனால் சிதறல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கிறார்கள். மோதல் சற்று ஓரமாக நடந்தால், மோதாமல் தப்பிய துண்டுகள் இரு பக்கமும் சுவர் மாதிரி அடைத்துக்கொள்கின்றன. அவை விலகுவதற்குள் நடுவில் நசுங்கியது முண்டினால், மேலும் கீழுமாகத்தான் பிதுங்கும். பிதுக்கம் கூடக்கூட, பொருள் அமுங்க மறுக்கிறது என்று அர்த்தம். பழத்தை அழுத்திப் பார்ப்பதைப் போலத்தான், என்ன, பழம் உடனே காணாமல் போய்விடும்.

இதில் நட்சத்திரம் எங்கே வந்தது? பெரிய நட்சத்திரம் வெடித்தபின் மிஞ்சும் நசுங்கிய உள்பகுதிதான் நியூட்ரான் நட்சத்திரம். அதன் உள்ளேயும் பொருள் இதே மாதிரி நசுங்கிக் கிடக்கிறது; அது அமுங்க மறுக்க மறுக்க, நட்சத்திரத்தின் ஆரம் கூடும். 2022இல் மோதல் தரவுகளை நியூட்ரான் நட்சத்திர அவதானிப்புகளோடு சேர்த்துக் கணக்கிட்டார்கள். சூரியனைப் போல 1.4 மடங்கு நிறையுள்ள நட்சத்திரத்தின் ஆரம் சுமார் 12 கிலோமீட்டர் என்று வந்தது. தங்கத்தில் 79 புரோட்டான், 118 நியூட்ரான். நட்சத்திரத்திலோ பெரும்பாலும் நியூட்ரான்தான். மோதல் கொதிக்கிறது, நட்சத்திரம் அந்த அளவில் குளிர்ந்தது. இடைவெளியை நிரப்புவது கோட்பாடு. எனக்குக் கொஞ்சம் உறுத்துவதும் அந்த இடம்தான்.