மூன்று முறை எடுக்க வேண்டிய படம்

என் தாய்மாமா ஹெபடைடிஸ் பி கிருமியால் கல்லீரல் சுருங்கிப்போனவர் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வந்து அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொள்வது வழக்கம். இம்முறை கல்லீரலின் வலப்புறத்தில் 2 சென்டிமீட்டருக்குச் சற்றே மேற்பட்ட கட்டி ஒன்று தெரிந்தது. பதற்றத்தில் கண்ணில் பட்ட ஒரு மையத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். படத்தில் உறுப்புகளையும் ரத்தநாளங்களையும் பிரித்துக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தியிருந்தும் ஒரே ஒரு முறைதான் படம் பிடித்திருந்தார்கள். 'கட்டியின் தன்மை தெளிவாக இல்லை' என்றது அறிக்கை. அறிக்கையைப் பார்த்த மருத்துவர், மருந்து ஏறியபின் மூன்று வெவ்வேறு நேரங்களில் படம் பிடிக்கும் 'டிரிபிள் ஃபேஸ்' ஸ்கேன் எடுத்து வரும்படி எங்களைத் திருப்பி அனுப்பினார்.

கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது: ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும், மீதி தமனி வழியாகவும். கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்க் கட்டியோ பெரும்பாலும் தமனியை நம்பியே வளர்கிறது. ஆகவே மருந்து ஏறிய சுமார் 35 விநாடிகளில் எடுக்கும் படத்தில் கட்டி மட்டும் பளிச்சென்று வெளுத்துத் தெரியும்; 70 விநாடியை ஒட்டி எடுக்கும் படத்தில் கல்லீரல் முழுவதும் வெளுத்துவிடும்; 3 முதல் 5 நிமிடங்களுக்குள் எடுக்கும் கடைசிப் படத்தில் கட்டி மருந்தை இழந்து, சுற்றிலும் உள்ள பகுதியைவிடக் கருத்துப்போகும். இதைத்தான் 'வாஷ்அவுட்' என்கிறார்கள். ஆபத்தில்லாத ரத்தநாளக் கட்டியாக இருந்தால், மருந்து பொதுவாக ஓரத்திலிருந்து திட்டுத்திட்டாக உள்நோக்கி நிரம்பும். ஒரே படத்தைப் பார்த்து இவற்றைப் பிரித்தறிவது எப்படி?

மாமாவிடம் இதைச் சொன்னபோது, "கெணத்துத் தண்ணியில சாயத்தக் கலந்தா, கெணத்துப் பாசன வயல்லதான மாப்ள மொதல்ல நெறம் தெரியும், கண்மாய்ப் பாசனத்துக்கு எப்படித் தெரியும்?" என்றார். நான் இணையத்தில் இரண்டு இரவுகள் படித்துப் புரிந்துகொண்டது அவ்வளவுதான்.

இரண்டாவது ஸ்கேனுக்கு முன், சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அயோடின் கலந்த அந்த மருந்து சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு ஆகாமல் போகலாம். மருந்து ஏறும்போது உடலெங்கும் சூடு பரவியதில், சிறுநீர் கழித்துவிட்டோமோ என்று மாமா கூச்சப்பட்டார். அது பலருக்கும் நேர்வதுதான் என்று டெக்னீஷியன் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

அறிக்கையில் 'லைராட்ஸ் 5' என்று இருந்தது; படத்தை வைத்துக் கல்லீரல் கட்டியைத் தரம்பிரிக்கும் முறையில், புற்றுநோய் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லும் நிலை அது. சிரோசிஸ் எனும் கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கு இந்த அடையாளங்கள் இப்படிப் பொருந்தினால், ஊசி குத்திச் சதை எடுக்காமலேயே புற்றுநோய் என்று உறுதிசெய்யலாம் என்றார் மருத்துவர். சிறிய கட்டி என்பதால், ஊசிவழியே சூடேற்றிக் கருக்கும் சிகிச்சையைப் பற்றிப் பேச வரும் செவ்வாய்க்கிழமை மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்.