அவசர சிகிச்சைப் பிரிவும் திருநர் நோயாளிகளும்

புறநோயாளிப் பிரிவில் மருத்துவர் முகம் சுளித்தால், நோயாளி எழுந்து வேறொருவரைத் தேடிப் போகலாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஸ்ட்ரெச்சரில் வந்து சேர்பவருக்கு அந்த வழி இல்லை. அந்த நேரத்தில் பணியில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கையில்தான் அவர் உயிர் இருக்கிறது. அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் பணியாற்றும் மருத்துவன் என்ற முறையில், திருநங்கையரும், பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பியரும் எங்களிடம் வரும்போது நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை எழுத வேண்டுமென்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

இரண்டு நிகழ்வுகள் என் மனத்தை விட்டு அகலாதவை. 1995 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் கார் விபத்தில் சிக்கிய டைரா ஹன்டர் என்ற திருநங்கைக்கு முதலுதவி செய்துகொண்டிருந்த தீயணைப்புத் துறை ஊழியர், ஆடையை வெட்டியபோது அவருடைய உடலமைப்பைக் கண்டு, சிகிச்சையை நிறுத்திவிட்டு இழிவாகப் பேசினார். மருத்துவமனையிலும் உரிய சிகிச்சை கிடைக்காமல் டைரா இறந்துபோனார். அவருடைய தாயார் தொடுத்த வழக்கில், 1998இல் நடுவர் குழு 28 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது.

மற்றது, 2019இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. கடும் வயிற்றுவலியோடு வந்த 32 வயதுத் திருநம்பி, தாம் யார் என்பதையும், வீட்டில் செய்த பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்ததையும் தாமே செவிலியரிடம் சொன்னார். பதிவேட்டில் அவர் ஆண். ஆகவே, இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்ட பருமனான ஓர் ஆணாகவே அவரை மதிப்பிட்டு, அவசரமில்லாதவர்களின் வரிசையில் காத்திருக்க வைத்தார்கள். சில மணி நேரம் கழித்து மருத்துவர்கள் உண்மை நிலையை உணர்ந்தும் பலனில்லை. குழந்தை இறந்தே பிறந்தது.

முதல் நிகழ்வில் இருந்தது வெறுப்பு. இரண்டாவதில் யாரும் அவரை அவமதித்ததாகத் தெரியவில்லை. ஆண் என்று எழுதப்பட்ட ஒருவருக்குக் கருப்பை இருக்கக்கூடும் என்ற எண்ணத்தை அவர்களுடைய சிந்தனை முழுமையாக ஏற்கவில்லை, அவ்வளவுதான். அதனால்தான், திருநர் நோயாளிகளிடம் அன்பாகப் பேசினால் போதும் என்று யாராவது சொல்லும்போது என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. மரியாதையும் மருத்துவ அறிவும் ஒன்றையொன்று பிரிந்து இயங்க முடியாது. மரியாதை இல்லாத இடத்தில் நோயாளி உண்மையைச் சொல்ல மாட்டார். அறிவில்லாத இடத்தில் அவர் சொன்ன உண்மை வீணாகிவிடும்.

எங்கள் பிரிவில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சிறுநீர் அடைத்து, அடிவயிறு கல்லைப் போல இறுகிய நிலையில் நடுத்தர வயதுத் திருநங்கை ஒருவர் வந்தார். புடவையைத் தளர்த்தவே அவர் விடவில்லை. சுற்றிலும் பயிற்சி மாணவர்களும் காவலாளியும் பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினர்களும் நின்றிருந்தார்கள். மூத்த செவிலியர் எல்லோரையும் வெளியே அனுப்பி, திரையை இழுத்துவிட்டு, "அக்கா, நானும் டாக்டரும் மட்டும்தான் பாப்போம். வேற யாரும் உள்ள வரமாட்டாங்க. ஆபரேஷன் ஏதாவது பண்ணியிருக்கீங்களா, எங்க பண்ணுனீங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பல ஆண்டுகளுக்கு முன்பு, மருத்துவமனைக்கு வெளியே, தம் சமூகத்து மூத்தவர் ஒருவரின் கையால் நிர்வாணம், அதாவது ஆணுறுப்பை அகற்றும் சடங்கு, செய்துகொண்டதை அவர் அப்போதுதான் சொன்னார். அந்த ஒரு தகவல் எங்களுக்கு எல்லாவற்றையும் மாற்றியது. இத்தகைய அறுவைக்குப் பின் சிறுநீர்த்துளை சுருங்கிப்போவது உண்டு. அது தெரியாமல் வழக்கமான அளவுக் குழாயைத் திணித்திருந்தால் கிழிசலும் இரத்தப்போக்குமே மிஞ்சியிருக்கும். மிகச் சிறிய குழாயைப் பொறுமையாகச் செலுத்தினோம்.

மருந்துகளைப் பற்றியும் இப்படித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி, அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்காக அளவின்றி விழுங்கும் திருநங்கையர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் மூச்சுத்திணறலோடு வந்தால், நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்திருக்குமோ என்ற சந்தேகம் முதலிலேயே எழ வேண்டும். எந்த ஹார்மோன், எவ்வளவு நாளாக என்பதைக் குற்றம் சாட்டும் தொனியில் கேட்டால் பதில் வராது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை எடுத்துக்கொள்ளும் திருநம்பிக்கும் கர்ப்பம் தரிக்கலாம் என்பதை மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. அதே வேளையில், கை முறிந்து வந்தவரிடம் அந்தரங்க உறுப்பைப் பற்றி விசாரிப்பதற்கு எந்த மருத்துவக் காரணமும் இல்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை நமக்குக் குறைவில்லை. அவசர சிகிச்சை அளிப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் கூறியது. 2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில், தம் பாலினத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமையைத் திருநர்களுக்கு உறுதிசெய்தது. மருத்துவச் சேவையில் பாகுபாடு காட்டுவதை 2019ஆம் ஆண்டின் திருநர் சட்டம் தடை செய்கிறது. ஆனால் நடைமுறையில் சிக்கல் சீட்டு போடும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆதார் அட்டையில் பழைய பெயர் இருக்கும். அதை ஊழியர் உரக்கக் கூப்பிட, புடவை கட்டிய ஒருவர் எழுந்து வர, மொத்தக் கூடமும் திரும்பிப் பார்க்கும். ஆவணத்துக்கு அந்தப் பெயர் வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளலாம். அழைப்பதற்கு அவர் சொல்லும் பெயரைச் சீட்டின் மேல் குறிக்க ஒரு நொடி போதும்.

இன்னொன்று, உடன் வருபவர்களைப் பற்றியது. வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட பலருக்கு, அவர்களைத் தத்தெடுத்து வழிநடத்தும் மூத்த திருநங்கையான குருவும், அவருடைய சீடர்களான சேலாக்களுமே குடும்பம். நினைவிழந்து கிடப்பவரின் "சொந்தக்காரர்" வந்து கையெழுத்திடட்டும் என்று காத்திருப்பதற்குச் சட்டத்தில் அவசியமே இல்லை. உயிர் காக்கும் சிகிச்சையை ஒப்புதல் பெற இயலாத நிலையிலும் தொடங்கலாம். நினைவோடு இருப்பவரிடம், யார் அருகில் இருக்க வேண்டும், யாரிடம் தகவல் சொல்லலாம் என்று நேரடியாகக் கேட்டுவிடலாம். உடனிருப்போருக்கான அனுமதிச் சீட்டில் உறவுமுறை என்ற இடத்தில் "குரு" என்று எழுத எங்கள் பிரிவில் இப்போது யாரும் தயங்குவதில்லை. எல்லா மருத்துவமனைகளிலும் அப்படி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.