லோக்காப் வாசலிலிருந்து மகஜர் வரை: ஒரு தோட்டப் பட்டணத்துச் சங்கத்தின் அனுபவம்

போலீஸ் பையன்களைப் பிடித்துக்கொண்டு போனால் எந்த லோக்காப்பில் (காவல் அறையில்) வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு நாளாகியும் குடும்பத்துக்குத் தெரிவதில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத் தோட்டப் பட்டணங்களில் இந்தக் குறை பழையது. இதை மாற்ற நினைக்கும் சங்கங்கள் முதலில் போய் நிற்பது சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில்தான். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். அது தவறான வாசல். கூட்டரசு அரசியலமைப்பின் 9வது அட்டவணைப்படி போலீஸ், குற்றவியல் சட்டம், சிறை மூன்றும் மத்திய அரசின் அதிகாரத்தில் உள்ளவை. மாநிலம் பரிந்து பேசலாம், உத்தரவு போட முடியாது.

அதற்காகக் கோலாலம்பூர்தான் ஒரே வழி என்றும் இல்லை. சட்டம் நாடாளுமன்றத்தில் எழுதப்பட்டாலும் அது எப்படி நடக்கிறது என்பது மாவட்டத்தில் நான்கு பேர் கையில் இருக்கிறது: மாவட்ட போலீஸ் தலைவர், விசாரணை அதிகாரி, மஜிஸ்திரேட், சமூக நல இலாகாவின் நன்னடத்தை அதிகாரி. அதனால் சட்டத்தை மாற்றும்படி கேட்கவில்லை. ஏற்கெனவே உள்ள சட்டத்தை இந்த மாவட்டத்தில் எழுத்துப்பூர்வமாகக் கடைப்பிடிக்கக் கேட்டோம். கோரிக்கையை அப்படிச் சுருக்கிய பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

தொண்டர்கள் எல்லாரும் மனப்பாடமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் வைத்திருக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 117வது பிரிவின்கீழ் மஜிஸ்திரேட்டிடம் ரிமாண்ட் (தடுப்புக் காவல் நீட்டிப்பு) கேட்க வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றமென்றால் முதல் முறை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் முறை 3 நாள். 14 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 7 நாள், மறுபடி 7 நாள். 28ஏ பிரிவின்படி, கேள்வி கேட்கத் தொடங்கும் முன்பே, உறவினருக்குத் தகவல் சொல்லவும் வழக்கறிஞரைத் தொடர்புகொள்ளவும் உரிமை உண்டு என்று போலீஸ் சொல்லியாக வேண்டும். அதை மறுக்க டிஎஸ்பிக்குக் குறையாத அதிகாரியின் அனுமதியும், காரணத்தை எழுதி வைத்த பதிவும் வேண்டும். கைதானவர் 18 வயதுக்குக் கீழென்றால் 2001 சிறார் சட்டத்தின் 87வது பிரிவுப்படி பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். 1959 குற்றத் தடுப்புச் சட்டத்தில் பிடித்தால் கணக்கே வேறு: 21 நாள், அதன்மேல் 38 நாள். இந்தக் கைதுகளை மற்றவற்றோடு சங்கம் தொகுக்கும் ஒரே அட்டவணையில் கலந்தால் அட்டவணை பயனற்றுப் போகும்.

மகஜரின் (அதிகாரிகளுக்குக் கொடுக்கும் கோரிக்கை மனுவின்) உயிர் சங்கம் வைக்கும் கைதுப் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. கைதான தேதி, நேரம், இடம், சீருடையில் வந்தார்களா, சாதாரண உடையிலா, முதலில் கொண்டுபோன நிலையம், விசாரணை அதிகாரி பெயர், குடும்பத்துக்குத் தகவல் எட்டிய நேரம், யார் சொல்லி, கேட்ட ரிமாண்ட் நாள், கிடைத்த நாள், வழக்கறிஞர் இருந்தாரா, வெளியே வந்த நாள், வெளியே வந்ததும் வேறு மாவட்ட போலீஸ் மறுபடி பிடித்ததா. இந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு ரிமாண்ட் முடியும் வாசலிலேயே அடுத்த கைது தொடங்கும் சங்கிலி அந்தக் கட்டத்தில்தான் தெரியும்.

பெரும்பாலான பிழை நள்ளிரவில் நடக்கிறது. "ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு வந்தாங்க" என்று அம்மா சொல்வார். காகிதத்தில் அது திங்கள் 0100. அப்படியே ஞாயிறு என்று எழுதினால் 24 மணி நேரக் கணக்கு ஒரு நாள் தவறும். அதிகாரி அந்த ஒரு வரியைச் சுட்டிக்காட்டினால் மீதி எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகும். ஆகவே 24 மணி நேர முறையிலேயே எழுதுங்கள். கைப்பேசியின் அழைப்புப் பட்டியலைப் படம் பிடித்து வையுங்கள், ரிமாண்ட் உத்தரவு, ஜாமீன் காகிதம் இரண்டையும் நகலெடுங்கள். பயணத்துக்குத் தேவையான நேரம் 24 மணியில் சேராது என்று அரசியலமைப்பின் 5(4) சொல்கிறது. தூரத்து லோக்காப்பிலிருந்து கொண்டுவந்தால் அதைக் கழித்துவிட்டுத்தான் மீறல் என்று எழுத வேண்டும்.

விவரத்தை அதே வாரத்தில் கேட்டுப் பதிய வேண்டும். ஒரு மாதம் போனால் நேரங்கள் மனத்தில் குழம்பிவிடும். இங்கே இன்னொரு தடையும் உண்டு. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டதை அடுத்து வந்த அவசரகாலத்தைப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்கள். போலீஸ் வந்தால் பெயரைக் கேட்காதே, எதையும் எழுதாதே என்பது வீட்டில் ஊறிய எச்சரிக்கை. அதைக் குற்றம் சொல்லக் கூடாது. கோயில் மண்டபத்தில் தாய்மார்களோடு உட்கார்ந்து, எதைக் குறித்து வைக்க வேண்டும் என்று பேசுவதுதான் வழி. அறிவிப்பு ஒட்டுவதால் மட்டும் ஒரு பதிவும் வராது.

"அண்ணே, பையன வெளிய எடுத்துக் குடுங்க" என்றுதான் குடும்பம் வரும். அதைச் சங்கம் கையில் எடுக்கக் கூடாது. உடனே தேசிய சட்ட உதவி அறவாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். 2012 முதல் செயல்படும் அந்த அறவாரியத்தில் கைது, ரிமாண்ட் கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு வருமானச் சோதனை கிடையாது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்களும் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகள்) அட்டையே இல்லாதவர்களும் இதில் விடுபட்டுப் போகலாம், அவர்களுக்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். "பேசி எடுத்துத் தர்றேன்" என்று பணம் கேட்கும் தரகரை அண்ட விடாதீர்கள். லஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம்.

மகஜர் மலாயில் இரண்டு பக்கம், பின்னிணைப்பாக அட்டவணை. மூன்று கோரிக்கைக்கு மேல் வேண்டாம். எங்கள் மூன்று: குடும்பத்துக்குச் சொன்ன நேரத்தை நிலையத்தில் பதிவது, கைதான உடனே சட்ட உதவிக்குத் தகவல் அனுப்புவது, சிறார் கைதானால் அன்றே நன்னடத்தை அதிகாரியை அழைப்பது. பெயர்களை எழுதாதீர்கள், எண் போதும். சிறாரை அடையாளம் காட்டும் விவரம் ஊடகத்தில் வந்தால் சிறார் சட்டத்தின் 15வது பிரிவில் குற்றமாகும், மகஜரோ எப்படியும் நிருபர் கைக்குப் போகும். சங்கத்தின் ஆண்டறிக்கை சங்கங்களின் பதிவகத்துக்குப் போயிருக்கிறதா என்று முன்பே பாருங்கள். பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் அனுப்பியிருக்க வேண்டும். அது பாக்கி என்றால் உங்கள் பதிவைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள்.

மாவட்ட போலீஸ் தலைவர், மாநில போலீஸ் தலைமையகம், மாவட்ட அதிகாரி, சுஹாகாம் (மனித உரிமை ஆணையம்), நாடாளுமன்ற உறுப்பினர் என ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி. உங்கள் பிரதியில் தேதியோடு சாப் (முத்திரை) குத்தி வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். சந்திப்புக்கு மூன்று பேர் போதும்: மலாய் நன்றாகப் பேசுபவர், ஒரு தாய், குறிப்பெடுப்பவர். கட்சிக் கிளைத் தலைவர் படம் எடுக்க வருவார். சந்திப்புக்கு முன் படம் வந்தால் அதிகாரி தற்காப்பில் இறங்கிவிடுவார், அன்றைய பேச்சு அத்தோடு சரி. பணிவாக மறுத்துவிடுங்கள்.

பதில் வரவில்லையென்றால் சுஹாகாம். ஆனால் நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கைப் பற்றிய புகாரை அது விசாரிக்க, அதை அமைத்த 1999 சட்டம் இடம் தராது. அதனால் நடப்பு வழக்கில் உள்ள குடும்பங்களை அந்தக் கடிதத்தில் சேர்க்காதீர்கள். தனி அதிகாரியின் தவறான நடத்தை என்றால் 2023 ஜூலை 1 முதல் செயல்படும் போலீஸ் நடத்தை ஆணையத்துக்குப் போகலாம், ஒரு மாவட்டத்தின் பொது வழக்கத்தை மாற்ற அது பொருத்தமான இடமல்ல. நாடாளுமன்ற உறுப்பினரிடம் உரை கேட்காதீர்கள். மாநில வாரியாக, வயது வாரியாக ரிமாண்ட் எண்ணிக்கை கேட்டு எழுத்துப்பூர்வக் கேள்வி போடச் சொல்லுங்கள். வரும் பதில் அமைச்சின் எண், அடுத்த மகஜரில் அதை யாரும் மறுக்க முடியாது.

சந்திப்பில் வாய்மொழியாக ஒத்துக்கொண்டதை மூன்று நாளுக்குள் கடிதமாக எழுதி, "இவ்வாறு பேசப்பட்டது" என்று அனுப்புங்கள். இதைச் செய்யாமல் விட்டதில் நாங்கள் ஒரு வருட உழைப்பை இழந்தோம். அதிகாரி இடமாற்றம் ஆனார், ஒப்புதலும் அவரோடு போனது. இப்போது புதியவர் பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே பழைய கடிதத்தின் நகலும் அந்த ஆண்டின் அட்டவணையும் அவர் மேசைக்குப் போய்விடுகின்றன.