சொறி மீனோட இன்னொரு உருவம்

கரையில ஒதுங்கின சொறி மீனைக் காலால தட்டிப் பார்க்காதீங்க. செத்த பிறகும் கொட்டும். கொட்டும் செல் ஒவ்வொண்ணுக்குள்ளும் சுருட்டி வச்ச நுண்ணிழை ஒண்ணு இருக்கு. தொட்டதும் பாய்ஞ்சு குத்திடும்.

மூளை, இதயம், ரத்தம் எதுவும் கிடையாது. சாப்பிடவும் கழிவைத் தள்ளவும் ஒரே வாய்தான். (சிக்கனம்னா இது!)

எனக்கு ரொம்பப் பிடிச்சது நிலா ஜெல்லிங்கிற சொறி மீன் வகை பிறக்கிற விதம். முட்டையிலிருந்து வர்ற லார்வா நேரா சொறி மீனாகிடாது. பாறை அடியில ஒட்டிக்கிட்டு, சில மில்லிமீட்டர் உயர பாலிப்பா, அதாவது ஒரே இடத்துல ஒட்டி வாழற குழாய் மாதிரி உருவமா, வளரும். அப்புறம் உடம்பு குறுக்கே குறுக்கே பிளந்து, இட்லித் தட்டு அடுக்கின மாதிரி ஆகும். நுனியில இருக்கிற தட்டு முதல்ல கழண்டு, எட்டுக் கையோட துடிச்சுத் துடிச்சு நீந்திப் போயிடும்.

சொந்தக்காரங்களான பவளமும் கடல் சாமந்தியும் இந்த வம்புக்கே வர்றதில்ல. கடைசி வரைக்கும் பாலிப்தான்.